அவன் பேரில் கோப்பை வைக்கிற பிள்ளைகளுக்கு: ஒரு தாய்மாமனின் திறந்த மடல்

அன்புள்ள மாப்பிள்ளைகளுக்கு,

போச்சம்பள்ளிப் பக்கத்து நம்ம ஊர் வாலிபால் டீமுக்கும், பொங்கல் வந்தால் கம்பம் நட்டு வலை கட்டுகிற கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்து எல்லா ஊர்ப் பசங்களுக்கும் இதை எழுதுகிறேன்.

வருகிற காணும் பொங்கலோடு என் மருமகன், அக்கா பையன், போய் ஒரு வருஷம் ஆகிறது. முதலாம் ஆண்டு நினைவுக் கோப்பை நடத்தப் போகிறோம் என்று நீங்கள் வீட்டுக்கு வந்து சொன்னீர்கள். அக்கா சரி என்றாள். மச்சான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினார். அவருக்கு இஷ்டமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் போன பிறகு, அந்த மைதானத்தில் முள் வெட்ட வேண்டுமே, ஆள் இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டார்.

நான் சொல்ல வேண்டியதை அன்று சொல்லவில்லை. பந்தல் மாதிரி பத்து பேர் நின்ற இடத்தில் அது வரவில்லை. இப்போதும் உங்களை என் மாங்கன்று நர்சரிக்குக் கூப்பிட்டுச் சொல்லலாம்தான். ஆனால் மற்ற ஊர்ப் பிள்ளைகளும் படிக்க வேண்டிய விஷயம் இதில் இருப்பதால் பொதுவில் வைக்கிறேன். அவன் பேரை எழுதவில்லை. அக்கா வேண்டாம் என்றாள்.

நீங்கள் அவனை மைதானத்தில் அதிகம் பார்த்தீர்கள், நான் நர்சரியில் பார்த்தேன். பள்ளிக்கூடம் படிக்கும்போதே லீவு விட்டால் சந்தூர் ரோட்டுக்கு வந்துவிடுவான். ஒட்டுக் கட்டுகிற பருவத்தில் ஆள் கிடைக்காமல் நான் திண்டாடுவது அவனுக்குத் தெரியும். "மாமா, நீ குந்து, நான் கட்றேன்" என்று கத்தியை வாங்கிக்கொள்வான். பென்சில் கனத்தில் ஒரு பெங்களூரா மாங்குச்சியை எடுத்து அதன் அடிமுனையை இரண்டு பக்கமும் ஆப்பாகச் சீவுவான். கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, குச்சியை அதில் இறக்குவான். தோலும் தோலும் ஒரு பக்கமாவது நேராகச் சேர வேண்டும். அதை விரல் நுனியால் தடவிப் பார்ப்பான். நாடாவின் ஒரு முனை பல்லில் இருக்கும், மறுமுனை கையில் ஓடும். கீழிருந்து மேலாக இடைவெளி விடாமல் சுற்றி முடிச்சுப் போட்டு, மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டிவிட்டு அடுத்த கன்றுக்குப் போய்விடுவான். மூன்று வாரத்தில் துளிர் தெரியும். அவன் கட்டிய வரிசையில் பட்டுப்போனது குறைவு. அவன் கட்டிய செந்தூராவும் இமாம்பசந்தும் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர் தோட்டத்தில் இருக்கின்றன. வாங்கிப் போனவர்களுக்கு யார் கட்டியது என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

டிப்ளமோ முடித்து ஓசூர் சிப்காட்டில் வேலைக்குப் போனான். அங்கே ரூம் எடுத்துத் தங்கியிருந்தான், வாரக் கடைசியில் வருவான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ரோஜாக் கட்டு ஒன்று இருக்கும். ஓசூர் ரோஜா உங்களுக்குத் தெரிந்ததுதான், இருபது பூ ஒரு கட்டு, விலை இறங்கின அன்று சல்லிசாகக் கிடைக்கும். "இவ்ளோ நீளக் காம்பை வெச்சிகினு நான் இன்னா பண்றது" என்று அக்கா திட்டிக்கொண்டே தண்ணிக் குடத்தில் போட்டு வைப்பாள். புதன்கிழமை வரைக்கும் அவள் அதை எடுத்துப் போட்டதே கிடையாது.

மைதானத்தில் அவன் ஓங்கி அடிக்கிற ஆள் இல்லை. எடுத்துக் கொடுக்கிற ஆள். அடிக்கிறவன் பேரைத்தான் மைக்கில் சொல்வார்கள். ஒரு தரம் நான் கேட்டேன், உனக்கும் உயரம் இருக்கிறதே, நீயும் அடிக்க வேண்டியதுதானே என்று. "எல்லாரும் அடிச்சா எவன் மாமா எடுத்துக் குடுப்பான்?" என்றான். அதை அவன் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை, கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டே சொன்னான். 23 வயதுதான்.

அந்த நாளைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. மூன்றாவது செட்டில், யாரும் இடிக்காமல், பந்தும் படாமல், இரண்டு அடி பின்னால் வந்தவன் முழங்கால் மடங்கி விழுந்தான். கை கால் கொஞ்சம் வெட்டி இழுத்தது. வலிப்பு என்று நினைத்து ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். தண்ணி தெளித்தார்கள், துண்டால் விசிறினார்கள், உள்ளங்காலைத் தேய்த்தார்கள். மூச்சு இழுக்குது பார், இருக்குது பார் என்றார்கள். பைக்கின் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவன் கட்டிப் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குப் பறந்தீர்கள். போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது.

அதிலிருந்து உங்களில் ஒருவன் பந்தைத் தொடவில்லை. வண்டி ஓட்டினவன் அக்கா வீட்டுத் தெருவில் வருவதையே விட்டுவிட்டு ஏரிக்கரையைச் சுற்றிப் போகிறான். அன்று காலையில் என் மருமகனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிப் போனவன் குடியில் இறங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். "ராத்திரி ஷிப்ட் பார்த்துட்டு வந்த புள்ளைய எழுப்பிக் கொன்னுட்டியே" என்று துக்கத்துக்கு வந்த யாரோ அவன் முகத்துக்கு நேராகச் சொன்னார்களாம்.

அவனை மடியில் உட்காரவைத்துக் காது குத்தினவன் நான். மாலை போட வேண்டிய கழுத்துக்குக் கோடி போட்டவனும் நான். அந்த உரிமையில் சொல்கிறேன். உங்களில் ஒருவர் மேலும் பழி இல்லை. எழுப்பினவன் மேல் இல்லை, ஓட்டினவன் மேல் இல்லை, சாவிக்கொத்து கொடுத்தவர் மேலும் இல்லை. யார் என்ன சொன்னாலும் என் பேரைச் சொல்லி, மாமன் இப்படித்தான் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

ஏன் போனான் என்பது உங்களில் பாதிப் பேருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. ஊரில் பல கதை ஓடுகிறது. மைதானத்து ஓரத்துப் புளியமரத்து முனி என்றார்கள். கண்ணேறு என்றார்கள். கொரோனா ஊசிதான் இளவட்டங்களைச் சாய்க்கிறது என்று போனில் ஒரு வீடியோ எல்லோருக்கும் வந்தது. ஊசிக் கதையை நானும் டாக்டரிடம் கேட்டேன். 18 முதல் 45 வயது வரைக்கும் திடீரென்று இறந்தவர்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே நாடு முழுக்க ஆஸ்பத்திரிகள் வழியாக ஆராய்ந்து 2023இல் வெளியிட்டிருக்கிறது. தடுப்பூசியால் அந்த ஆபத்து கூடவில்லை என்றுதான் அதில் வந்திருக்கிறது. கூட்டுகிறவை வேறு: குடும்பத்தில் முன்பு யாராவது திடீரென்று இறந்திருப்பது, கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது, ஒரேயடியாக அளவு மீறிக் குடிப்பது, அளவு மீறி உடம்பை வருத்துவது. அந்த வீடியோவை இன்னும் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் தயவு செய்து நிறுத்துங்கள். அக்காதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அவனுக்கு ஊசி போட்டுவந்தாள். அந்த வீடியோ வரும்போதெல்லாம் அவள் என்ன நினைப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது இது. அவன் இதயத்தின் தசை, இருக்க வேண்டியதைவிடத் தடித்திருந்தது. பிறவியிலேயே மரபணுவில் வருவது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்கிறார்கள். பலருக்கு ஆயுசு முழுக்க ஒரு தொந்தரவும் தராது. சிலருக்கு ஓடும்போதும் ஆடும்போதும் இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, அது துடிக்காமல் வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடும். ரத்தம் மூளைக்குப் போகாது. ஆள் சில நொடியில் விழுந்துவிடுவான். வயதானவர்களுக்கு ரத்தக் குழாய் அடைத்து வருகிற மாரடைப்பு வேறு, இது வேறு. பிரஷர், சுகர், கொழுப்பு எல்லாம் சரியாக இருக்கிற பையனுக்கும் இது வரும்.

டாக்டர் மச்சானைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, உங்கள் வம்சத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்தார்களா என்பது. மச்சான் இல்லை என்றுதான் சொன்னார். அப்புறம் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தவர், திரும்பி உள்ளே போனார். அவருடைய தம்பி முப்பது வயதில் கிணற்றில் நீந்தும்போது இறந்தவர். ஊரிலேயே நன்றாக நீந்தத் தெரிந்த ஆள். தண்ணிக்குள் முனி இழுத்தது என்று அந்தக் கிணற்றில் அப்புறம் யாரும் இறங்கவில்லை, இன்றைக்கும் அதற்குக் கிடா வெட்டுகிறார்கள். டாக்டர் அதைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். தம்பிக்கும் இதே இதயமாக இருந்திருக்கலாம் என்றார். பெற்றவரில் ஒருவருக்கு இது இருந்தால் பிள்ளைக்கு வரச் சரிபாதி வாய்ப்பு. எல்லோருக்கும் எக்கோ எடுத்தார்கள். மச்சானுக்கும் தசை கொஞ்சம் தடித்திருக்கிறது. இத்தனை வருஷமும் மூட்டை தூக்கி, ஏர் ஓட்டி, ஒன்றும் தெரியவில்லை. அவன் தங்கச்சி சின்னவளுக்கும் ஆரம்ப நிலையில் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறாள், குறித்த தேதிக்குப் போய்க் காட்டுகிறாள், ஓட்டப்பந்தயத்தை மட்டும் நிறுத்தியிருக்கிறாள். மற்றபடி காலேஜுக்குப் போகிறாள், நன்றாக இருக்கிறாள்.

அன்று ராத்திரி மச்சான் அந்த ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, என்னால்தானே என்று உட்கார்ந்திருந்தார். அக்கா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "அவன் முழியும் உங்களுதுதான், சிரிப்பும் உங்களுதுதான். இது ஒன்ன மட்டும் தனியா எடுத்துகினு அழுவாதீங்க." இதை நான் பொதுவில் எழுதுவதற்கு அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெற்ற தகப்பனுக்கே அவள் பழி வைக்கவில்லை. உங்களுக்கா வைப்பாள்?

மத்தூர் டோர்னமென்ட்டில் ஒரு தரம் அவன் கண் இருட்டி உட்கார்ந்தான், சோடா குடித்துவிட்டுத் திரும்ப ஆடினான் என்று அப்புறம் சொன்னீர்கள். வெயில் என்று யாரும்தான் நினைப்பார்கள். இனிமேல் அப்படி நினைக்காதீர்கள். ஓடும்போதோ ஆடும்போதோ மயக்கம் வருவது, நெஞ்சு அடைப்பது, கூட ஆடுகிறவர்களுக்கு இல்லாத அளவுக்கு மூச்சு வாங்குவது, வீட்டில் யாராவது சின்ன வயதில் காரணம் தெரியாமல் இறந்திருப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அவன் முதலில் இதய டாக்டரிடம் போக வேண்டும், அப்புறம்தான் மைதானம். ஈசிஜி எடுக்க சில நிமிஷம் போதும், அரசு ஆஸ்பத்திரியில் காசும் இல்லை. இத்தாலியில் 1982 முதல் போட்டிகளில் ஆடுகிற எல்லோருக்கும் இதயப் பரிசோதனையைச் சட்டமே ஆக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அங்கே ஒரு பகுதியில், விளையாடுகிற இளைஞர்கள் இப்படி இறப்பது பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நமக்கு வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிற மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள். அந்தத் திட்டத்துப் பெண்கள் அக்காவுக்கும் மச்சானுக்கும் மாதா மாதம் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அவர்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். ஆனால் 23 வயதுப் பையனைப் பரிசோதிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அவனுக்கே தோன்றாது. அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் டீம் நடத்துகிற நீங்கள்தான்.

பரிசோதனையில் பிடிபடாததும் உண்டு. அதனால் யாராவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். டாக்டரிடமும் நர்சுகளிடமும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை அப்படியே எழுதுகிறேன்.

தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். அசைவு இல்லை, மூச்சு இல்லை, அல்லது விட்டு விட்டு வாயைத் திறந்து இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றால், அந்த இழுப்பை மூச்சு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயம் நின்ற முதல் சில நிமிஷத்தில் பலருக்கு அப்படி வரும், கை கால் வெட்டுவதும் வரும். ஒருவர் 108க்குப் போன் போட வேண்டும். இன்னொருவர் ஆளைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் இன்னொரு கையைக் கோத்து, முழங்கையை மடக்காமல் உடம்புப் பாரம் இறங்குகிற மாதிரி அமுக்க வேண்டும். ஐந்து, ஆறு சென்டிமீட்டர் ஆழம் போக வேண்டும். நிமிஷத்துக்கு 100இலிருந்து 120 தரம், அதாவது நொடிக்கு இரண்டை ஒட்டி. ஒவ்வொரு தரமும் நெஞ்சு முழுசாக மேலே வர விட்டு அடுத்ததை அமுக்க வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆள் மாறிக்கொள்ளலாம், ஆனால் ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. வாயில் வாய் வைத்து ஊதத் தெரியவில்லை என்றால் விட்டுவிடலாம், அமுக்கினால் போதும். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயம் வரும். முறிந்தால் ஆஸ்பத்திரியில் சரி செய்துகொள்ளலாம்.

பைக்கில் தூக்கி வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். வண்டியில் உட்கார்ந்திருக்கிற நெஞ்சை யாரும் அமுக்க முடியாது. அமுக்காமல் போகிற ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கிற வாய்ப்பை நூற்றுக்கு ஏழு, பத்து என்று குறைக்கிறது. நம்ம ஊரிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

அன்று அமுக்கியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று உங்களுக்குள் ஓடும் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பிழைக்கிறவர்கள் எந்த நாட்டிலும் குறைவுதான். உங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனீர்கள், எத்தனையோ பாடம் படித்தீர்கள், ஒரு பொம்மையின் நெஞ்சில் கை வைத்துக் காட்டின ஆள் இல்லை.

கால்பந்து பார்க்கிறவர்களுக்கு டென்மார்க்கின் எரிக்சன் ஞாபகம் இருப்பார். 2021 ஜூன் 12, யூரோ கோப்பையில் பின்லாந்துக்கு எதிராக ஆடும்போது நம்ம பையன் மாதிரியேதான் விழுந்தார், யாரும் தொடாமல். நெஞ்சை அமுக்கினார்கள், மின் அதிர்ச்சி கொடுக்கிற கருவி வைத்திருந்தார்கள், அங்கேயே இதயம் திரும்ப ஓடியது. கூட ஆடினவர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். உடம்புக்குள் ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டு அடுத்த வருஷமே ஆட வந்துவிட்டார், உலகக் கோப்பையும் ஆடினார். நம்ம மருமகன் அந்த ஆட்டத்தை என் போனில்தான் பார்த்தான். சார்ஜ் தீர்கிற வரைக்கும் போனைத் தரவில்லை.

சரி, கோப்பை விஷயத்துக்கு வருகிறேன். நடத்துங்கள். நன்றாக நடத்துங்கள். சில ஆசை இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் நெஞ்சை அமுக்கக் கற்றுக்கொடுக்கிற பயிற்சி நடக்க வேண்டும். ஒரு நர்சும் ஆம்புலன்சில் வேலை பார்க்கிற ஒருவரும் பொம்மையோடு வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிற டீமும் சேர்த்துத்தான். எல்லா ஆட்டக்காரர்களும் அந்தப் பொம்மையில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் டாஸ் போட வேண்டும். வேடிக்கை பார்க்க வருகிற பெரியவர்களும் பெண்களும் ஆசைப்பட்டால் அவர்களுக்கும் இடம் கொடுங்கள். வீட்டில் விழுகிறவரைத் தூக்க நீங்கள் இருக்க மாட்டீர்கள், அவர்கள்தான் இருப்பார்கள்.

பேனர் வைக்காதீர்கள். போன வருஷம் கூட்டு ரோட்டில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனர் மழையில் கிழிந்து, அவன் முகம் பாதி தொங்கிக்கொண்டே கிடந்தது. அக்கா தினமும் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிற வழி அது. ஒரு நாள் அவளே ஏறிக் கழற்றப் பார்த்திருக்கிறாள், டீக்கடைக்காரர்தான் கழற்றி மடித்துக் கொடுத்தாராம். பேனருக்கு ஒதுக்கின பணத்தில் ஒரு வேன் பிடியுங்கள். டீமில் எல்லோரும் ஒரு நாள் கிருஷ்ணகிரிக்குப் போய் ஈசிஜி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். நானும் கூட வருகிறேன்.

ஆட்டம் முடிந்து ராத்திரி அவன் பேரில் பாட்டில் திறக்க வேண்டாம். காரணம் மேலேயே எழுதிவிட்டேன். குடியில் இறங்கின பிள்ளைக்கு மட்டும் ஒன்று. நீ அவனை எழுப்பினதை நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவன் உன்னோடு வந்தது, அவனுக்கு அதைவிடப் பிடித்த வேலை வேறு எதுவும் இல்லை என்பதால். காலையில் நர்சரிக்கு வா. ஒட்டுக் கட்ட ஆள் தேவைப்படுகிறது, கூலி தருகிறேன்.

வண்டி ஓட்டினவனுக்கு அக்கா சொல்லச் சொன்னது: ஏரிக்கரையைச் சுற்றிப் போகிறாய் என்று அவளுக்குத் தெரியும், பெட்ரோல் விற்கிற விலைக்கு அது எதற்கு என்று கேட்கிறாள். தெருவழியாகவே வா, வாசலில் வண்டியை நிறுத்து, களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டுப் போ என்கிறாள். வரவில்லை என்றால் உன் வீட்டுக்கு அவளே வருவாளாம்.

பந்தும் வலையும் நான் வாங்கித் தருகிறேன். மைதானத்தில் முள் வெட்ட மச்சான் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிவாளோடு வருவார், அவரைத் தனியாக விட்டுவிடாதீர்கள். எத்தனை டீம், மொத்தம் எத்தனை பேர் என்பதை மார்கழி பிறப்பதற்குள் எழுதி நர்சரியில் கொடுத்துவிடுங்கள். எத்தனை பொம்மை கொண்டுவர வேண்டும் என்று நர்சு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
சந்தூர் ரோட்டு மாங்கன்று நர்சரி